காடுமேட்டு ஓட்டமும் சிறு கல்லூரியின் கைப்பொருளும்

தடகளம் என்ற சொல்லைக் கேட்டவுடன் 400 மீட்டர் சுற்றளவுள்ள ஓடுதளமும், அதில் வெண்கோடிட்ட பாதைகளும் நம் கண்முன் தோன்றும். அவ்வெண்கோடுகளுக்குள் அடங்காத ஓட்டம் ஒன்று உண்டு. புல்வெளி, மண்சாலை, வரப்பு, மேடு, பள்ளம், சேறு எனக் கிடைத்த நிலத்தைக் கிடைத்தபடியே ஏற்றுக்கொண்டு ஓடும் ஓட்டம் அது. விளையாட்டுத் துறையினர் அதனைக் 'கிராஸ் கன்ட்ரி' என்ற பெயராலேயே வழங்குகின்றனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் 'குறுக்கு நாட்டோட்டம்' என்பாரும் உளர். அத்தொடர் தமிழ்ச் செவிக்குப் பொருள் விளங்க நிற்கவில்லை. 'காடுமேடெல்லாம் ஓடினான்' என்பது நம் ஊர் வழக்கு. ஆதலின் இக்கட்டுரையில் இதனைக் 'காடுமேட்டு ஓட்டம்' என்றே குறிப்போம்.

மணப்பாறை போன்ற ஒரு வட்டாரத்திலிருந்து மாணவர்களைப் பெறும் சிறு கல்லூரி, இவ்வோட்டத்தில் ஓர் அணியை உருவாக்கிப் பேண முடியுமா? அதற்கு எவ்வெவ் வளங்கள் வேண்டும்? அவற்றுள் நம்மிடம் இருப்பன எவை, இல்லாதன எவை? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓட்டத்தின் வரலாறு

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளில் மாணவர் விளையாட்டாக இவ்வோட்டம் தோன்றியது. சில மாணவர்கள் முயல்களாகக் காகிதத் துண்டுகளை வழியெங்கும் சிதறிக்கொண்டு முன்னே ஓடுவர். மற்றவர்கள் வேட்டை நாய்களாக அத்தடம் பற்றித் துரத்துவர். ரக்பி, ஷ்ரூஸ்பரி ஆகிய பள்ளிகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. விளையாட்டு போட்டியாக வளர்ந்தது. 1903இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளிடையே பன்னாட்டுப் போட்டி தொடங்கியது. 1973 முதல் அது உலகப் போட்டியாக நடைபெற்று வருகிறது.

ஒலிம்பிக்கிலும் இவ்வோட்டம் 1912, 1920, 1924 ஆகிய மூன்று ஆண்டுகளில் இடம்பெற்றது. 1924இல் பாரிசு நகரின் கடும் வெயிலில் 38 வீரர்கள் புறப்பட்டனர். 15 பேரே முடித்தனர். பின்லாந்தின் பாவோ நூர்மி வென்றார். பலர் வழியிலேயே மயங்கி விழுந்தனர். அதன்பின் ஒலிம்பிக்கிலிருந்து இவ்வோட்டம் நீக்கப்பட்டது. வெயிலை மதியாத ஏற்பாடு ஒரு விளையாட்டையே வெளியேற்றிவிடும் என்பதற்கு இது சான்று. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தொடும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தார் இதனை நன்கு மனங்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இந்தியத் தடகளக் கூட்டமைப்பு தேசிய அளவிலும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பல்கலைக்கழக அளவிலும் இப்போட்டியை நடத்தி வருகின்றன. கல்லூரி மாணவர் ஒருவர் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் திறம் காட்டித் தம் பல்கலைக்கழக அணியில் இடம் பெறுவார். அவ்வணியின் வழியே அனைத்திந்தியப் போட்டிக்குச் செல்வார். 1982இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கும் வழி இதுவே.

நான்காமவரின் மதிப்பு

காடுமேட்டு ஓட்டம் தனி ஓட்டம் போலத் தோன்றினும் உண்மையில் குழு விளையாட்டே ஆகும். அதன் கணக்கு எளியது. ஒவ்வொருவரும் எத்தனையாவதாக முடித்தாரோ அவ்வெண்ணே அவர் பெறும் புள்ளி. அணியினரின் எண்களைக் கூட்ட, குறைந்த தொகை பெற்ற அணி வெல்லும். அண்மைக்கால உலகப் போட்டிகளில் ஒரு நாட்டின் சார்பில் ஆறு பேர் ஓடி, முந்தி முடிக்கும் நால்வரின் இடங்கள் கூட்டப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஓர் அணியினர் 1, 12, 20, 24 ஆகிய இடங்களைப் பெறுகின்றனர், கூட்டுத்தொகை 57. மற்றோர் அணியினர் 8, 9, 10, 11 ஆகிய இடங்களைப் பெறுகின்றனர், கூட்டுத்தொகை 38. முதலிடம் பெற்ற மாவீரர் முன்னைய அணியில் இருக்கிறார். ஆயினும் கோப்பை பின்னைய அணிக்கே போகிறது. இங்கே வெற்றியை முடிவு செய்பவர் முதல்வர் அல்லர், நான்காமவரே. முன்னால் ஓடுபவர் ஓரிடம் முந்தினால் தொகையில் ஒன்று குறையும். பின்னால் ஓடும் நான்காமவர் மனந்தளராமல் பத்துப் பேரை முந்தினால் தொகையில் பத்து குறையும்.

சிறு கல்லூரிக்கு இவ்விளையாட்டு ஏன் ஏற்றது என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும். பிறவித் திறன் வாய்ந்த ஒரு வீரர் கிடைப்பது நற்பேற்றைப் பொறுத்தது; அத்தகையோரைப் பெருநகரப் பெருங்கல்லூரிகள் சலுகை தந்து அழைத்துக்கொள்ளும். நடுத்தரத் திறனுள்ள ஆறு பேரை ஓராண்டுக் காலம் ஒருங்கே பயிற்றுவிப்பதோ உழைப்பைப் பொறுத்தது. உழைப்பு சிறு கல்லூரிக்கும் கைக்கெட்டும் பொருளாகும்.

நிலம் எனும் முதல் வளம்

மணப்பாறை என்றவுடன் பிறர் நினைப்பவை முறுக்கும் மாட்டுச் சந்தையும். அம்முறுக்கு 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. நாம் இங்கு நினைப்பது அவ்வூரைச் சூழ்ந்த நிலத்தை. காவிரிக் கரையின் வண்டல் இங்கில்லை. செம்மண்ணும் சரளையும் கலந்த மானாவாரி நிலம், இடையிடையே பாறைக் குன்றுகள், மழைநீரை நம்பிய குளங்கள், அவற்றின் கரைகள், ஊருக்கு ஊர் மாடுகளும் வண்டிகளும் போட்ட தடங்கள். வையம்பட்டி, மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கங்களிலும் இதே தோற்றந்தான். மேற்கே பொன்னணியாறு அணையை அடுத்து மலையடிவாரம் தொடங்குகிறது.

இந்நிலம் நெடுவழி நடந்த கால்களை அறிந்தது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரிலிருந்து மதுரைக்கு நடந்த வழியைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை விரிக்கிறது. மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகள் பிரியும் இடமாக அக்காதை சுட்டும் கொடும்பை, மணப்பாறைக்குக் கிழக்கிலுள்ள இன்றைய கொடும்பாளூரே என்பர். வேனிலின் வெம்மையில் முல்லையும் குறிஞ்சியும் பாலையாகத் திரியும் என்று இளங்கோவடிகள் கூறுவதும் இக்காதையிலேதான்.

விவசாயிக்கு வறண்ட இந்நிலம் ஓட்டக்காரருக்கு வாய்ப்பானது. தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் ஒவ்வோர் அடியையும் முழங்காலுக்கே திருப்பி அனுப்பும். மண் தடம் அவ்வதிர்ச்சியில் ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொள்ளும். மேடு ஏறுதல் தொடைக்கும் நுரையீரலுக்கும் வலிமை தரும். சமமற்ற தரை கணுக்காலைச் சூழ்ந்த சிறு தசைகளுக்குப் பயிற்சி தரும். செயற்கைத் தடம் வேண்டுவோர் சுமார் 40 கிலோமீட்டர் கடந்து திருச்சிராப்பள்ளி அண்ணா விளையாட்டரங்கிற்குச் செல்ல வேண்டும். காடுமேட்டு ஓட்டத்திற்கோ ஊர்க் குளக்கரையே போதும்.

ஆனால் இவ்வளம் என்றும் இப்படியே இருக்கும் என்று கொள்வதற்கில்லை. மேய்ச்சல் நிலங்கள் மனைகளாகின்றன. வண்டித்தடங்கள் தார்ச்சாலைகளாகின்றன. குளக்கரைகளைச் சீமைக்கருவேல் மூடுகிறது. கல்லூரி ஒன்று இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுவழி ஒன்றைத் தேர்ந்து, முள் அகற்றி, குழி நிரப்பி, ஊராட்சியின் இசைவுடன் பேணினால் மாணவர்க்கு ஓடுவழியும் ஊர்மக்களுக்கு நடைவழியும் ஒருங்கே கிட்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றே இதற்குப் போதுமானது.

அயலகச் சிறு கல்லூரிகள் இரண்டு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அலமோசா என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரி பெரிதன்று, செல்வமும் மிகுந்ததன்று. ஜோ விஜில் என்பார் 1965 முதல் 1993 வரை அங்குப் பயிற்சியாளராக இருந்தார். அவர் அவ்வூரிலேயே வளர்ந்தவர். உடலியங்கியலை ஆழ்ந்து கற்றவர். 1992இல் தம் பிரிவின் தேசியக் காடுமேட்டுப் போட்டியில் அவருடைய அணியினர் முதல் ஐந்து இடங்களையும் கைப்பற்றினர். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் ஐவரின் இடங்கள் கூட்டப்படும். ஒன்று முதல் ஐந்து வரை கூட்ட வருவது 15. அதனினும் குறைந்த தொகை கணக்கிலேயே இல்லை.

இரண்டாவது சான்று கென்யாவில் தொடங்குகிறது. இடென் என்னும் மலையூரில் உள்ள புனித பேட்ரிக் பள்ளிக்குக் கோல்ம் ஓகானல் என்னும் அயர்லாந்துத் துறவி 1976இல் புவியியல் ஆசிரியராக வந்தார். தடகளப் பயிற்சி எதனையும் அவர் முறையாகக் கற்றவர் அல்லர். மாணவர்களை உற்று நோக்கியே கற்றார். அவருடைய மாணவர் பீட்டர் ரோனோ, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மவுண்ட் செயிண்ட் மேரிஸ் என்னும் சிறு கல்லூரியில் பயின்றார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனை படைத்த டேவிட் ருடிஷாவும் ஓகானலின் மாணவரே.

இவ்விரு ஊர்களும் கடல் மட்டத்திற்கு மேல் 2000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளன. அவ்வுயரம் நமக்கில்லை. ஆயினும் ஓர் ஆசிரியர் ஓரிடத்தில் பல்லாண்டு தங்கி, அவ்வூர்ப் பிள்ளைகளை அறிந்து பயிற்றியமை இரண்டிற்கும் பொதுவாகும். அதனை உயரமான மலை தருவதில்லை.

அண்டை மாவட்டம் காட்டும் வழி

அயலகம் வரை செல்வானேன் என்பார்க்கு நம் அண்டை மாவட்டமே விடை கூறும். புதுக்கோட்டையைச் சேர்ந்த கோ. இலட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். அம்மாவட்டத்துச் சூர்யா லோகநாதன் 2016இல் குவாகாத்தியில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் அதே இரு தொலைவுகளிலும் மகளிர் தங்கம் வென்றார். மணப்பாறையின் மண்ணும் வெயிலும் உணவும் புதுக்கோட்டையினின்று வேறானவை அல்ல.

திருச்சிராப்பள்ளி மாவட்டமும் ஓட்டத்தில் பின்தங்கியதன்று. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் இந்தியத் தொடரோட்ட அணிகளில் ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர் என இம்மாவட்டத்தார் மூவர் இடம்பெற்றனர். அவர்கள் விரைவோட்டத்தினர். நெடுந்தூர ஓட்டத்தில் இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு உரிய இடம் இன்னும் நிரப்பப்படவில்லை என்றே கூறலாம்.

வேண்டும் வளங்கள்

முதலாவது வளம் பயிற்றுநர். சிறு கல்லூரிகள் பலவற்றில் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கபடி முதல் சதுரங்கம் வரை அனைத்தையும் பார்க்க வேண்டியுள்ளது. காடுமேட்டு ஓட்டத்திற்கோ போட்டிக்கு ஒரு வாரம் முன்பு பெயர் கேட்கப்படும். எண்ணிக்கையை நிரப்பக் கபடி வீரர்கள் நால்வர் அனுப்பப்படுவர். பயிற்சியின்றி நெடுந்தூரம் ஓடும் அம்மாணவர் வாந்தியும் மயக்கமுமாகத் திரும்புவர். மறுமுறை அவ்வோட்டத்தின் பெயரைக் கேட்டாலே அஞ்சுவர். இது விளையாட்டு ஆகாது. ஓட்டத்தில் ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர், அவர் எத்துறையினராயினும், இயக்குநருக்குத் துணையாக இப்பொறுப்பை ஏற்கலாம். இடென் பள்ளியில் ஏற்றவர் புவியியல் ஆசிரியர் அன்றோ?

இரண்டாவது வளம் காலம். நெடுந்தூர ஓட்டத்திற்குரிய இதயமும் தசையும் திங்கள் கணக்கில் உருவாகின்றன. கல்வியாண்டு தொடங்கும் சூனில் நடையும் ஓட்டமும் கலந்து தொடங்கலாம். வாரத்திற்கு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொலைவைக் கூட்டலாகாது. பெரும்பாலான நாள்களில் உடன் ஓடுபவரோடு பேசிக்கொண்டே செல்லத்தக்க வேகமே போதும். வாரத்தில் இரு நாள் மேடேற்றமோ விரைவோட்டமோ, ஒரு நாள் நீண்ட ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு என்பது நல்ல ஒழுங்கு. வெயில் ஏறுமுன் பயிற்சி முடிய வேண்டும். ஆனால் நம் மாணவருள் பலர் காலையில் கறவை மாட்டைக் கவனித்துவிட்டு முதல் பேருந்தைப் பிடித்து வருபவர்கள். அவர்களை ஐந்தரை மணிக்குக் கல்லூரித் திடலுக்கு வரச் சொல்வது நடவாத காரியம். வார நாள்களில் அவரவர் ஊரிலேயே ஓடி, குறிப்பேட்டில் எழுதி வந்து காட்டவும், சனிக்கிழமை மட்டும் அனைவரும் கூடவும் ஏற்பாடு செய்தல் ஏற்றது.

மூன்றாவது வளம் உணவு. வாரம் 50 கிலோமீட்டர் ஓடும் இளைஞருக்கு வீட்டில் உண்ணும் வழக்கமான உணவு போதாது. மாத்திரையும் மாவும் விற்போரின் விளம்பரங்களை நாட வேண்டியதில்லை. கேழ்வரகு, கம்பு, நிலக்கடலை, கொள்ளு, முருங்கைக்கீரை, முட்டை, வாழைப்பழம் ஆகியன இவ்வட்டாரத்திலேயே கிடைப்பன. வெயிலில் ஒரு மணி நேரம் ஓடுபவர் ஒரு லிட்டருக்கும் மேலாக வியர்வையை இழக்கக்கூடும். உப்பிட்ட மோரும் நீராகாரமும் அவ்விழப்பை ஈடுசெய்யும். பயிற்சி முடிந்த அரைமணிக்குள் முட்டையும் வாழைப்பழமும் கடலையும் தருவதற்கு ஒரு கல்லூரி செலவிடும் தொகை, ஆண்டு விழாப் பந்தலுக்குச் செலவிடும் தொகையினும் மிகாது. நோன்பு நோற்கும் மாணவர்க்கு ரமலான் திங்களில் பயிற்சியின் கடுமையைக் குறைத்து, நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டி மெல்லோட்டம் வைத்தால் உடலும் கெடாது, நோன்பும் தடைப்படாது. 2012 லண்டன் ஒலிம்பிக் ரமலானில்தான் நடைபெற்றது என்பது நினைவுகூரத்தக்கது.

நான்காவது வளம் காலணி. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி வென்றார். அதனைக் காட்டி மாணவர்க்குக் காலணி வேண்டா என வாதிடுவது முறையன்று. நெருஞ்சியும் கருவேல முள்ளும் சரளைக் கல்லும் நிறைந்த தடத்தில் காயம் பட்ட கால் இரு வாரம் ஓடாது. ஓட்டக் காலணி ஒன்று ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். வாரம் 50 கிலோமீட்டர் ஓடுபவர் 12 வாரத்தில் 600 கிலோமீட்டர் ஓடிவிடுவார். எனவே ஒருவருக்குப் பருவத்திற்கு ஓர் இணை, ஆண்டிற்கு இரண்டு இணை தேவை. பத்துப் பேர் கொண்ட அணிக்கு இருபது இணை. இவ்வணிக்கு ஆகும் பெருஞ்செலவு இதுவே. முன்னாள் மாணவர் மன்றங்கள் ஆண்டுதோறும் இதனை ஏற்றுக்கொள்வது அரிதன்று.

ஐந்தாவது வளம் மருத்துவ நோக்கு. பருவத் தொடக்கத்தில் குருதியில் உள்ள ஹீமோகுளோபின் அளவைச் சோதித்தல் இன்றியமையாதது. உயிர்வளியைத் தசைக்குச் சுமந்து செல்வது அதுவே ஆதலின், அது குறைந்தவர் எத்துணை முயன்றாலும் முன்னேறார். சோம்பல் என்று நாம் கடிந்துகொள்ளும் பல தளர்ச்சிகள் உண்மையில் இரத்தசோகையே.

மாணவியர் ஓட்டம்

இச்சோதனை மாணவியர்க்குப் பெரிதும் தேவை. 2019-21இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர் என்று காட்டுகிறது. இரு பெண்களுள் ஒருவர் என்பது இதன் பொருள். ஆதலின் மாணவியர் அணி ஒன்றைத் தொடங்குவது அவர்கள் உடல்நலத்தை அறியும் வாயிலாகவும் அமையும்.

பெண்களால் நெடுந்தூரம் ஓட இயலாது என்ற எண்ணம் உலகையே நெடுங்காலம் ஆட்டிப்படைத்தது. ஒலிம்பிக்கில் மகளிர் மாரத்தான் 1984இல்தான் சேர்க்கப்பட்டது. 2017 முதல் உலகக் காடுமேட்டுப் போட்டியில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் 10 கிலோமீட்டர் என்னும் ஒரே தொலைவு உள்ளது. உடை குறித்த தயக்கமும் தேவையற்றது. பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா தலையை மறைத்த உடையுடன் ஓடியே 2006 தோகா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம் வென்றார். பெற்றோர் அஞ்சுவது ஓட்டத்தை அன்று. தனிமையான வழியையும் பிறர் பேச்சையும்தான். குழுவாக ஓடுதல், கண்பார்வையில் உள்ள சுற்றுவழி, உடன் ஓர் ஆசிரியை, பெற்றோரைக் கல்லூரிக்கு அழைத்து முன்கூட்டியே விளக்குதல் ஆகிய நான்கும் அவ்வச்சத்தைப் போக்கும்.

பயன்

பதக்கத்திற்காக மட்டும் இதனை வேண்டுகிறோம் அல்லோம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆடவர் 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடி முடித்தல் வேண்டும். இராணுவப் படைவீரர் தேர்விலும் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. எழுத்துத் தேர்வில் வென்று ஓட்டத்தில் தோற்ற இளைஞர்களை நம் வட்டாரத்தில் ஊர்தோறும் காணலாம். ஓராண்டு முறையாக ஓடிய மாணவர்க்கு அத்தடை ஒரு பொருட்டன்று. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவர் ஒருவர்க்கு அவ்வேலை என்ன தரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முடிவுரை

நிலம் நம்மிடம் உள்ளது. உழைப்புக்கு அஞ்சாத பிள்ளைகள் உள்ளனர். உண்ணத்தக்க தானியங்கள் உள்ளன. இல்லாதவை காலணி, சோதனை, சிற்றுணவு ஆகியவற்றிற்கான சிறுதொகையும், ஆண்டு முழுவதும் உடனிருக்கும் ஓர் ஆசிரியருமே. அவை நிதிநிலை அறிக்கையில் ஒரு வரியும், கால அட்டவணையில் ஒரு மணி நேரமும் கேட்கின்றன. வரும் சூனில் ஆறு மாணவரையும் ஆறு மாணவியரையும் கொண்டு தொடங்கினாலே போதும். அவர்களுள் முதல்வர் யார் என்று வினவுவதை விடுத்து, நான்காமவர் காலையில் உண்டு வந்தாரா, அவர் காலணி தேயாமல் உள்ளதா என்று வினவும் கல்லூரியே இவ்வோட்டத்தில் வெல்லும்.